மறுபடியும் போர்ட்டோ: சாப்பாடு, வைன் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகல்லின் வடக்கே, டோரு ஆறு அட்லாண்டிக் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது போர்ட்டோ. இதுவரை நான்கு தடவை போய்விட்டேன். ஐந்தாவது பயணத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் அலுவலக நண்பர்கள், சித்தி பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது அதே சந்தேகங்களோடு வருகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பார்த்த ஊருக்கே ஏன் திரும்பத் திரும்பப் போறீங்க? அந்தக் காசுக்கு வேற ஊர் பார்க்கலாமே?

முதல் தடவை நான் பார்த்தது ஊரை. சாவ் பென்டோ ரயில் நிலையத்தின் சுவர் முழுக்க இருக்கும் நீல வெள்ளை ஓடுகள், 1886இல் திறந்த இரண்டு தட்டு இரும்புப் பாலம், தேவாலயக் கோபுரம் எல்லாம் பார்த்தேன். இரண்டு இடங்களுக்கு நடுவில் கிடைத்த இருபது நிமிடத்தில் எதையோ வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். ஊர் பிடித்திருந்தது. ஆனால் அங்கே என்ன சாப்பிட்டேன் என்று பிற்பாடு யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது தடவை போனபோது பார்க்க வேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை. மதியம் ஒரு மணிக்கு ஒரு சந்துக் கடையில் உட்கார்ந்தேன், எழுந்தபோது மூன்று மணி. மறுநாளும் அதே கடைக்குப் போனேன். பரிமாறியவர் என்னை அடையாளம் கண்டு, நான் கேட்காத ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, ருசி பார்க்கச் சொன்னார். ஒரு ஊரின் சாப்பாடும் வைனும் இப்படித்தான் பிடிபடும் என்று நினைக்கிறேன்: அவசரம் இல்லாதபோது, அதே மேசையில், இரண்டாம் நாள்.

எத்தனை நாள் வேணும்? எந்த மாசம் நல்லது?

மறுபடி போகிறவர்களுக்கு ஐந்து நாள் வேண்டும் என்பேன். நான்கு நாள் ஊருக்குள், ஒரு நாள் ஆற்றின் மேல்பக்கத் திராட்சைத் தோட்டங்களுக்கு. மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் இதமாக இருக்கும். நவம்பர் முதல் மழை அதிகம். ஆனால் சூப்புக்கும் குடல்கறிக்கும் அந்தக் குளிர்தான் பொருத்தம்.

ஜூன் 23 இரவு சாவ் ஜோவாவ் திருவிழா. தெருவுக்குத் தெரு மத்தி மீனைக் கரியில் சுடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் பிளாஸ்டிக் சுத்தியலால் உங்கள் தலையில் செல்லமாகத் தட்டுவார்கள், நீங்களும் தட்டலாம். அந்த வாரம் தங்கும் அறை கிடைப்பது கஷ்டம் என்பதால் முன்னாடியே பதிவு செய்துவிடுங்கள்.

போர்ட் வைன்னா என்ன? சாதாரண வைனுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

எந்த வைனிலும் திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சர்க்கரை ஏறக்குறையத் தீர்ந்தால் துவர்ப்பும் புளிப்புமான வைன் கிடைக்கும். போர்ட் வைனில் அந்த வேலையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். நுரைத்துக்கொண்டிருக்கும் சாற்றில், திராட்சையிலிருந்தே வடித்த 77 சதவீதச் சாராயத்தை ஊற்றுவார்கள். சுமார் நான்கு பங்கு சாறுக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. ஈஸ்ட் செத்துவிடும், தின்னாத சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிக்கிறது, வீரியமும் கூடுதல். ஆல்கஹால் பெரும்பாலும் 19 முதல் 22 சதவீதம். சாதாரண வைனில் 12, 13தான்.

திராட்சை போர்ட்டோவில் விளைவதில்லை. கிழக்கே, டோரு பள்ளத்தாக்கின் பலகைக்கல் மலைச்சரிவுகளில் விளைகிறது. அந்த வட்டாரத்துக்கு 1756இல், அப்போது நாட்டின் ஆட்சியை நடத்திய அமைச்சர் பொம்பால் பிரபு எல்லை வகுத்தார். எல்லை வகுத்த வைன் வட்டாரங்களில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. அங்கே ஆன வைனைப் பீப்பாயில் ஏற்றி, ஆற்றுவழியே ரபேலோ என்ற தட்டையான படகில் கீழே கொண்டுவந்தார்கள். துறைமுகத்தின் பெயரே வைனுக்கும் நிலைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நாம் 'பீப்பாய்' என்கிறோமே, அது போர்ச்சுகீசிய 'பிப்பா'விலிருந்து வந்த சொல். போர்ட் வைன்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லைத்தான் புழங்குகிறார்கள், ஒரு பிப்பா என்றால் 550 லிட்டர். மேசை, கோப்பை, சாவி, ஜன்னல் எல்லாமே அங்கிருந்து வந்தவைதான். கடைக்குள் போய் இரண்டு விரலைக் காட்டி 'மேஸா' என்றால் இடம் காட்டுகிறார்கள். முதல் தடவை அப்படி நடந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ரூபி, டானி, எல்பிவி, விண்டேஜ்னு பட்டியல்ல நிறைய இருக்கு. எதைக் கேட்கணும்?

எல்லாம் இரண்டு குடும்பம்தான். ஒன்று, காற்று அதிகம் படாமல் வளர்வது: சிவப்பு நிறம், பழச் சுவை. ரூபி, எல்பிவி (லேட் பாட்டில்டு விண்டேஜ், அதாவது தாமதமாகப் புட்டியில் அடைத்தது), விண்டேஜ் மூன்றும் இந்தப் பக்கம். மற்றது, மரப் பீப்பாயில் வருடக்கணக்காகக் காற்றைச் சிறுகச் சிறுகச் சுவாசித்து நிறம் வெளுத்தது: டானி. அதில் வறுத்த பருப்பு, உலர்ந்த அத்தி, கருகப்போகும் சர்க்கரைப்பாகு வாசம் எல்லாம் வரும்.

ரூபி இளசு, விலை குறைவு. எல்பிவி ஒரே வருட அறுவடையிலிருந்து எடுத்து, நான்கு முதல் ஆறு வருடம் கழித்துப் புட்டியில் அடைத்தது. கொடுக்கும் காசுக்கு இந்தப் பக்கத்தில் இதுதான் எனக்குத் திருப்தி. விண்டேஜ் மிக நல்ல வருடங்களில் மட்டும் வருவது. சுமார் இரண்டு வருடம்தான் மரத்தில் இருக்கும், அப்புறம் புட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் வளரும். டானியில் 10, 20, 30, 40 என்று வயது போட்டிருக்கும். பல வருட வைன்களைக் கலந்து அந்த வயதின் குணத்தைக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளிக்கும் அத்தனை வயது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே ஒரு கோப்பை என்றால் 20 வருட டானி கேளுங்கள். 10 வருடத்துக்கும் 20 வருடத்துக்கும் உள்ள தூரம் நாக்குக்கே தெரியும். 20க்கு மேல் விலை ஏறும் வேகத்தில் என் நாக்கு ஏறவில்லை. வெயில் நேரம் என்றால் வெள்ளைப் போர்ட்டில் டானிக் நீர், ஐஸ், ஆரஞ்சுத் துண்டு போட்டு 'போர்ட்டோடோனிக்கோ' என்று தருவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க அருமையாக இருக்கும்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் வைன் கிடங்குகள் இருக்காமே, ஒரே நாள்ல எத்தனை பார்க்கலாம்?

அவை இருப்பது விலா நோவா டி காயாவில். பாலத்தைக் கடந்தால் அந்த ஊர்தான். ஒரு நாளைக்கு ஒரு கிடங்கு, அதற்கு மேல் வேண்டாம். முதல் பயணத்தில் ஒரே மதியத்தில் நான்கு போனேன். மூன்றாவதிலிருந்து நாக்கு மரத்துவிட்டது. வழிகாட்டிகளும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

கிடங்குகள் ஏன் திராட்சை விளையும் இடத்தில் இல்லாமல் இங்கே இருக்கின்றன என்பது நல்ல கேள்வி. பள்ளத்தாக்கில் கோடையில் 40 டிகிரி தாண்டும். காயாவில் கடற்காற்று, ஈரம், குளிர்ச்சி எல்லாம் உண்டு. பீப்பாயில் வைன் நிதானமாக முதிர அதுதான் தேவை. 1986 வரை காயாவிலிருந்துதான் ஏற்றுமதி செய்யலாம் என்று சட்டமே இருந்தது. பெயர்ப்பலகைகளில் டெய்லர்ஸ், கிரஹாம்ஸ், சாண்டிமன் என்று இங்கிலீஷ் பெயர்களாக இருப்பதற்குக் காரணம் பிரிட்டிஷ் வணிகர்கள். இரு நாடுகளும் செய்த 1703 வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் போர்ச்சுகல் வைனுக்குப் பிரெஞ்சு வைனைவிடக் குறைந்த வரி, வியாபாரம் பெருகியது.

மறுபடி போகிறவர்கள் சுற்றிக்காட்டலை விட்டுவிட்டு நேராகச் சுவைக்கும் கூடத்துக்குப் போகலாம், பல கிடங்குகளில் அந்த வசதி உண்டு. 10 வருட டானியையும் 20 வருட டானியையும் அருகருகே ஊற்றித் தரச் சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு, எதிர்க்கரையில் ரிபெய்ரா என்ற ஆற்றங்கரைப் பழைய பகுதியின் வீட்டுச் சுவர்களில் வெயில் விழும்போது உட்காருங்கள். மேலே படித்ததெல்லாம் அந்த இரண்டு கோப்பையில் புரிந்துவிடும்.

பச்சை வைன்னு ஒண்ணு இருக்காமே, நிஜமாவே பச்சையா இருக்குமா?

இருக்காது. 'வின்யோ வெர்டே' என்பதில் பச்சை என்பது இளமையைக் குறிக்கிறது, நாம் பச்சைக் காய்கறி என்கிற மாதிரி. போர்ட்டோவைச் சுற்றியும் வடக்கேயும் உள்ள மின்யோ வட்டாரத்து வைன் இது. பெரும்பாலும் வெள்ளை, மெல்லிய புளிப்பு, நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும் நுரை, ஆல்கஹாலும் குறைவு. மதியச் சாப்பாட்டோடு குடித்துவிட்டு ஊர் சுற்றலாம். அல்வரின்யோ என்ற திராட்சையில் செய்தது என்றால் கொஞ்சம் கனமாக, மணமாக இருக்கும்.

சிவப்பு வின்யோ வெர்டேவும் உண்டு. மைபோலக் கறுத்த நிறம், கூர்மையான புளிப்பு, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தருவார்கள். தனியாகக் குடித்தால் முகம் சுளிக்கும். சுட்ட மத்தி மீனோடு குடித்தால் மீனின் எண்ணெயை அந்தப் புளிப்பு வெட்டிவிடும். நம் ஊர் மீன் குழம்பில் புளி செய்கிற வேலைதான்.

உட்கார்ந்ததுமே கேட்காமலே ரொட்டி, ஆலிவ் எல்லாம் வைக்கிறாங்க. இலவசமா?

இல்லை. அதற்குக் 'கூவெர்ட்' என்று பெயர். தொட்டால் பில்லில் வரும், தொடாவிட்டால் வரக் கூடாது. கேட்காத, பயன்படுத்தாத பண்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. வேண்டாம் என்றால் சிரித்தபடி 'நாவ், ஒப்ரிகாடு' என்று சொன்னால் எடுத்துப் போய்விடுவார்கள். பெண்கள் 'ஒப்ரிகாடா' என்று சொல்ல வேண்டும். இதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது, அவர்களுடைய பழக்கம் அது.

ஆற்றங்கரையில் ஒரு கடையில் மட்டும், நாங்கள் தொடாத சீஸ் தட்டுக்கும் பில் போட்டிருந்தார்கள். விலைப்பட்டியலைக் காட்டிப் பேசியதும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பில்லை ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். டிப்ஸ் கட்டாயமில்லை. சாப்பாடு பிடித்திருந்தால் ஐந்து, பத்து சதவீதம் வைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஒரு தட்டு வாங்கினா ரெண்டு பேர் சாப்பிடற அளவு வருதே, எப்படி ஆர்டர் பண்றது?

'மெய்யா டோஸ்' கேளுங்கள், அரைப்பங்கு என்று அர்த்தம். பழைய மாதிரிச் சின்னக் கடைகளில், அதாவது 'தாஸ்கா'க்களில், ஒருவருக்கு அரைப்பங்கே தாராளம். இரண்டு பேர் போனால் இரண்டு வெவ்வேறு அரைப்பங்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை 'பிராத்து டோ டியா', அன்றைய சாப்பாடு. கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். பல இடங்களில் சூப், கறி, ஒரு கோப்பை வைன், காபி எல்லாம் சேர்த்தே ஒரு விலை. அந்த வைனும் ஜாடியில் வரும் கடை வைன்தான், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அது பொருந்தும் என்று கடைக்காரர் தேடி வாங்கி வைத்திருப்பது அது. சுற்றுலாக்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் மதியத்துக்குச் செலவழியுங்கள், அப்போதுதான் ஊர்க்காரர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள். ஞாயிறு பல தாஸ்காக்களுக்கு விடுமுறை.

பிரான்செசின்யா சாப்பிடாம வந்தா போர்ட்டோ போனதே வேஸ்ட்டுங்கறாங்க. அப்படியா?

ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, ஹாம், தொத்திறைச்சி வைத்து, மேலே சீஸ் உருகவிட்டு, பீரும் தக்காளியும் மிளகாயும் சேர்ந்த சூடான சாஸை ஊற்றித் தருவது பிரான்செசின்யா. மேலே ஒரு முட்டையும் சுற்றிலும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் 1950களில் இந்த ஊர்க் கடை ஒன்றில் தொடங்கிவைத்தது என்று சொல்கிறார்கள். மாடு, பன்றி இரண்டும் இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பவர்கள் கவனியுங்கள்.

ஒரு தடவை சாப்பிடுங்கள், இரண்டு பேருக்கு ஒன்று போதும். சாஸ்தான் உயிர், அது கடைக்குக் கடை மாறும். எது சிறந்த கடை என்று கேட்டால் ஊர்க்காரர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். இதற்கு வைன் வேண்டாம். சின்ன கிளாஸ் பீர் கேளுங்கள், போர்ட்டோவில் அதற்கு 'ஃபீனோ' என்று பெயர். லிஸ்பனில் அதையே 'இம்பீரியல்' என்பார்கள். 'ஃபீனோ' என்று கேட்டால் பரிமாறுபவர் முகம் மலரும்.

அந்த ஊர்க்காரங்களைக் குடல் தின்னிகள்னு சொல்வாங்களாமே?

'திரிப்பெய்ரோஸ்', ஆமாம். பெருமையாக அவர்களே சொல்லிக்கொள்வது. 1415இல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைப் பிடிக்கக் கப்பல்கள் கிளம்பியபோது, ஊர் மக்கள் நல்ல இறைச்சியை எல்லாம் கப்பலுக்குக் கொடுத்துவிட்டுக் குடலை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்பது கதை.

அந்தக் குடல்கறியில் வெள்ளை பீன்ஸ், கேரட், தொத்திறைச்சி எல்லாம் சேர்ந்து வேகும். மேலே சீரகம் மணக்கும், பக்கத்தில் சாதம். நம் வீட்டில் குடல்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. டோருவின் சிவப்பு வைன் இதற்கு நல்ல துணை. போர்ட்டுக்கு ஆகும் அதே திராட்சைகள்தான், டூரிகா நசியோனல், டூரிகா ஃபிராங்கா, திந்தா ரோரிஸ், ஆனால் சாராயம் சேர்க்காமல் முழுக்கப் புளிக்கவிட்டது. முதல் இரண்டு பயணத்திலும் நான் போர்ட்டையே துரத்திக்கொண்டிருந்ததில் இந்தச் சிவப்பைக் கவனிக்கவே இல்லை. இப்போது சாப்பாட்டு மேசையில் எனக்கு இதுதான் முதலில்.

நல்ல மீன் எங்கே கிடைக்கும்?

மட்டோசின்யோஸ். மெட்ரோவின் நீல வழியில் போனால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். அங்கே ஒரு தெரு முழுக்கக் கடைகள் வாசலில் கரியடுப்பு வைத்து மீன் சுடுகின்றன. கண்ணாடிப் பெட்டியில் உள்ள மீனைக் காட்டினால் நிறுத்து விலை சொல்வார்கள், சுடுவதற்கு முன் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லுப்பும் ஆலிவ் எண்ணெயும்தான், மசாலா கிடையாது. மத்தி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொழுப்பாக இருக்கும். மற்ற மாதங்களில் வேறு மீன் எடுங்கள்.

பக்கல்யாவ் என்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அதாவது ஒருவகைக் கருவாடு. போர்ச்சுகல் கரையில் அது கிடைக்காது, வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் மீன். ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துச் சமைக்கிறார்கள். 'கோமிஸ் டி சா' என்ற வகை போர்ட்டோவின் மீன் வியாபாரி ஒருவர் பெயரில் வந்தது: உதிர்த்த மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், அவித்த முட்டை, ஆலிவ். இதற்கு அல்வரின்யோ வெள்ளை எடுத்தால் கச்சிதம்.

நாங்க சைவம். பட்டினிதானா?

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும். நகரில் சைவ உணவகங்கள் நிறையவே வந்துவிட்டன. சிக்கல் தாஸ்காவில்தான். கால்டோ வெர்டே என்ற கீரை-உருளைக்கிழங்கு சூப்பில் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். 'செம் கார்னே', கறி இல்லாமல், என்று சொன்னாலும் சூப்பே இறைச்சிச் சாற்றில் ஆனதா என்று கேளுங்கள். இனிப்பிலும் எச்சரிக்கை வேண்டும். 'அபாடே டி பிரிஸ்கோஸ்' என்ற புட்டிங்கில் பன்றிக் கொழுப்பு சேர்கிறது, பார்த்தால் தெரியாது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இனிப்புப் பக்கம் கஷ்டம்தான், பாதிக்கு மேல் மஞ்சள் கருவில் செய்தவை.

நல்ல செய்தியும் உண்டு. செர்ரா டா எஸ்ட்ரேலா என்ற செம்மறியாட்டுப்பால் சீஸை ஒருவகை முட்பூச்செடியின் பூவைக் கொண்டு உறையவைக்கிறார்கள், விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் அதில் கிடையாது. மேல்தோலை வெட்டித் திறந்து, உள்ளே கூழாக இருப்பதைக் கரண்டியால் எடுத்து, சோள ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. பக்கத்தில் ஒரு கோப்பை டானி. 'பெய்ஷின்யோஸ் டா ஓர்டா' கிடைத்தால் விடாதீர்கள். பெயருக்குத் தோட்டத்து மீன்குஞ்சு என்று பொருள், ஆனால் அது பீன்ஸ் பஜ்ஜி. மாவில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் போர்ச்சுகீசியர் ஜப்பானுக்குக் கொண்டுபோனதுதான் டெம்புரா ஆனது என்கிறார்கள்.

நான் குடிக்கமாட்டேன். எனக்கு அந்த ஊர்ல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. என் மனைவி வைன் தொடமாட்டாள், நான்கு பயணமும் அவள் கூடவே வந்தாள். அவளுக்கு அந்த ஊர் என்றால் காபி. எஸ்பிரெசோவை அங்கே பழைய ஆட்கள் 'சிம்பலினோ' என்பார்கள், ஒரு காபி இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்த சொல். காலையில் கவுண்டரில் நின்று, பஷ்டெல் டி நாட்டா என்ற சூடான முட்டைக் கஸ்டர்ட் டார்ட் மேல் இலவங்கப்பட்டைப் பொடி தூவிச் சாப்பிடுவாள்.

பொல்யாவ் சந்தை அவளுக்கு அரை நாள் வேலை. 1914இல் தொடங்கிக் கட்டிய கட்டடம், பல வருடப் புதுப்பிப்புக்குப் பிறகு 2022 செப்டம்பரில் மறுபடி திறந்தது. பழம், ஆலிவ், மீன், பூ எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும். மேசையிலும் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் 'ஆக்வா' என்று சொன்னால் போதும்.

டோரு பள்ளத்தாக்குக்குப் போறது அவசியமா? கார் எடுக்கலாமா?

ஊரை ஏற்கெனவே பார்த்தவர் என்றால் அவசியம் போங்கள். காரில் வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது சட்ட வரம்பு, மலைப்பாதை வேறு வளைந்து வளைந்து போகும். ஓட்டுபவர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார், பாவம். ரயிலில் போங்கள். போர்ட்டோவிலிருந்து பள்ளத்தாக்கின் நடுவில் உள்ள பின்யாவ் ஊருக்கு இரண்டரை மணி நேரம் போல. போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். பாதி வழிக்கு மேல் தண்டவாளம் ஆற்றை உரசிக்கொண்டே போகும். பின்யாவ் நிலையத்தின் சுவரோடுகளில் திராட்சை அறுவடைக் காட்சிகளை வரைந்திருப்பதையும் பாருங்கள்.

செப்டம்பரில் போனால் அறுவடை நடக்கும். சரிவு செங்குத்து என்பதால் கையால்தான் பறிக்க வேண்டும். சில தோட்டங்களில் இன்றும் கருங்கல் தொட்டியில் திராட்சையைக் கொட்டி, தோளோடு தோள் கைகோத்து மிதிக்கிறார்கள். அந்த ஆற்றில் 1861இல் ஒரு படகு கவிழ்ந்தது. டோருவை வரைபடமாக்கிய போர்ட் வைன் வணிகர் ஃபாரெஸ்டர் அதில் மூழ்கிப்போனார். அதே படகில் இருந்த டோனா அன்டோனியா ஃபெரெய்ரா பிழைத்தார், அவருடைய பாவாடை விரிந்து மிதக்கவைத்தது என்று அங்கே சொல்வார்கள். கணவரை இளம் வயதில் இழந்து, தோட்டங்களைத் தானே விரிவாக்கிய அம்மா அவர். காயாவில் ஃபெரெய்ரா என்ற பெயரைப் பார்த்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வருஷம் போட்ட ரெண்டு பாட்டில் பார்த்தேன். ஒண்ணு கொல்யெய்டா, ஒண்ணு விண்டேஜ். ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, இங்கேதான் பலர் தவறான புட்டியை வாங்குகிறார்கள். மேலே சொன்ன இரண்டு குடும்பங்களை நினைவில் வையுங்கள். கொல்யெய்டா என்பது ஒரே வருட அறுவடையில் ஆன டானி. குறைந்தது ஏழு வருடம் மரத்தில் இருந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். புட்டியில் அடைத்த வருடமும் லேபிளில் இருக்கும், அதைப் பாருங்கள். வாங்கியதும் குடிக்கலாம். விண்டேஜ் சீக்கிரமே புட்டிக்குள் போனது, இளசாகத் திறந்தால் நாக்கைப் பிடிக்கும். நன்கு முதிர்ந்த விண்டேஜில் வண்டல் இருக்கும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வேறு பாத்திரத்துக்கு மெல்ல வடித்துத்தான் பரிமாற வேண்டும்.

பிறந்த வருடம் போட்ட புட்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கொல்யெய்டாவைச் சொல்கிறேன். விண்டேஜ் எல்லா வருடமும் வருவதில்லை. எந்தப் போர்ட் ஆனாலும் கழுத்தில் உத்தரவாதக் காகிதப்பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? எதைக் கொண்டுவரணும்?

இந்தியாவுக்கு வரி இல்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். முக்கால் லிட்டர் புட்டி என்றால் இரண்டு, கூட ஒரு அரைப்புட்டி. கைப்பையில் முடியாது, துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். விமான நிலையத்தில் சோதனைக்குப் பிறகு வாங்கினால், வழியில் விமானம் மாறும்போது கேள்வி வரும். முத்திரையிட்ட பையைப் பிரிக்காதீர்கள்.

விண்டேஜ் வேண்டாம், டானியைக் கொண்டுவாருங்கள். விண்டேஜை வருடக்கணக்கில் குளிர்ச்சியாகப் படுக்கவைக்க வேண்டும், திறந்தால் ஓரிரு நாளில் முடிக்க வேண்டும். டானி ஏற்கெனவே காற்றோடு பழகியது. கைப்பிடி வைத்த தக்கை என்பதால் தக்கை எடுக்கும் திருகியே வேண்டாம். திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும்.

போன தடவை பிடிச்ச கடை இந்தத் தடவை மாறிப்போயிருந்தா? அதே ருசி கிடைக்கலைன்னா என்ன பண்றது?

இது எனக்கே நடந்தது. முதல் கேள்வியில் சொன்ன அந்தச் சந்துக் கடை, மூன்றாவது பயணத்தில் மூடியிருந்தது. அந்த இடத்தில் பெட்டி வாடகைக்கு வைக்கும் கடை. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது, அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஊரில் சுற்றுலா பெருகி வாடகை ஏறியதில் இப்படிப் பல கடைகள் போயிருக்கின்றன. நம்மைப் போல வருகிறவர்களும் அதற்குக் காரணம் என்பதை மறைக்க முடியாது. அதனால் ஆற்றங்கரையை விட்டு நான்கு தெரு தள்ளி, கரும்பலகையில் கையால் எழுதிய, மதியம் வேலையாட்கள் வரிசையாக உட்காரும் கடைகளிலேயே என் காசைக் கொடுக்கிறேன்.

இன்னொரு நடைமுறை. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பழைய கடைக்கு ஒரு புதுக் கடை என்று வைத்துக்கொள்கிறோம். பழையது போனாலும் அடுத்த தடவைக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

அங்கே குடிச்சப்ப தேன் மாதிரி இருந்தது, இங்கே அதே பாட்டிலைத் திறந்தா வெறும் இனிப்பா இருக்கே?

பெரும்பாலும் வெப்பநிலைதான் காரணம். கிடங்கின் கூடத்தில் டானியை 12 முதல் 16 டிகிரியில் ஊற்றுகிறார்கள். 30 டிகிரி அறையில் திறந்தால் ஆல்கஹாலும் சர்க்கரையும் முன்னால் வந்து நிற்கும், வாசம் பின்னால் போய்விடும். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். அகலமான தண்ணீர் டம்ளரில் ஊற்றாமல், வாய் குறுகிய சின்ன கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். கூட உப்புப் போட்டு வறுத்த பாதாம் கொஞ்சம் வையுங்கள். உப்பு பட்டதும் அந்த இனிப்பு அடங்கி, உள்ளே இருக்கும் பருப்பு வாசம் மேலே வரும்.

நான் கொண்டுவந்த கடைசிப் புட்டியில் இன்னும் இரண்டு கோப்பை மீதி இருக்கிறது. பாதாம் வறுத்தாகிவிட்டது.